நண்டு வங்கி விருந்தான விதம்

படுவான்கரை,
வெள்ளிக்கிழமை, கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை.

அன்பு மருமகள் தனுஷியாவுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. பிள்ளையார் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் உடம்பளவில் சுகம். மானம் மட்டும் பாயில் படுத்துக் கிடக்கிறது. உன் சுகத்தை விசாரித்து ஒரு வரி எழுதினேன். பிறகு, அந்தச் சுகத்தைக் கெடுத்தவனே நான்தானே என்று நினைவு வந்து, வெட்டிவிட்டேன். மேலே மை அப்பிக் கிடப்பது அதுதான். மாமி உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

நீ என் போன் கோல் எடுப்பதில்லை. எடுக்காதது நியாயம்தான், எனக்கு நானே கோல் எடுத்திருந்தால் நானும் பதில் சொல்லியிருக்க மாட்டேன். வாட்ஸ்அப்பில் குரலில் அனுப்பினேன், நீலக் கோடு விழுந்தது, பதில் விழவில்லை. கூட்டுறவுக் கடை முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். எழுத்தில் கொடுத்தால்தான் மன்னிப்பும் மன்னிப்பு என்று பழகிப்போனவன். அதனால் இதை எழுதி, பஸ் கொண்டக்டர் கையில் கொடுத்து, உன் அலுவலக வாசலில் இறக்கச் சொல்கிறேன். உன் திட்டத்தைப் பார்க்க விருந்தாளிகள் வந்துபோன விபரத்தை நீதான் அறிக்கையாக எழுதவேண்டுமாம், அதை வைத்துத்தான் உன் வேலை நிரந்தரமா இல்லையா என்று முடிவெடுப்பார்களாம் என்று பக்கத்து வீட்டுப் பிரஷாந்தி சொன்னாள். அதைக் கேட்ட நாளில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நடந்ததை ஒழுங்காக உனக்குச் சொல்லவேண்டியது என் கடமை. கூட்டத்துக்குள் இருந்த உனக்கு, குசினியில், அடுப்படிப் பக்கம் நடந்தது தெரியாது.

முதலில் இருந்தே வருகிறேன், பொறுத்துக்கொள். இந்த ஊருக்கு எத்தனையோ திட்டங்கள் வந்தன. கோழி தந்தார்கள், கோழி செத்தது. தையல் மெஷின் தந்தார்கள், அது இப்போது மூன்று வீடுகளில் பூச்சட்டி வைக்கும் மேசை. நீதான், நம் ஊர்ப் பிள்ளை, படித்து உத்தியோகம் பார்க்கப் போய், வெளியில் இருந்து எதுவும் கொண்டுவந்து கொட்டாமல், எங்கள் வாவியையே எங்களுக்குத் திருப்பித் தந்தாய். வலையில் சினை நண்டு அகப்பட்டால் விற்காதே, சமைக்காதே, கரையோரம் கட்டிய கூட்டில் கொண்டுவந்து விடு; அது முட்டையைத் தண்ணீரில் உதிர்த்துக் குஞ்சு பரவிய பிறகு பெண்கள் சங்கம் அதை எடுத்து ஹோட்டலுக்கு விற்கட்டும், வாவியிலும் நண்டு குறையாது, வீட்டிலும் அடுப்பு அணையாது என்றாய். இதற்கு நண்டு வங்கி என்று நீ பெயர் வைத்தாய். ஊர்ச் சங்கத் தலைவர் என்ற முறையில் ‘நிலைபேறான அபிவிருத்தி’ என்று பலகை எழுதியவன் நான். சொல் நீளமாகப் போனதால் கடைசி எழுத்துகள் நண்டுப் படத்தின் கால்களுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டன. அப்போதே எனக்கு ஒரு சமிக்ஞை விழுந்திருக்க வேண்டும்.

தோணிக்காரச் சீனித்தம்பியின் விசயத்தையும் இங்கே எழுதாமல் விட்டால் கடிதம் பாதிப் பொய்யாகிவிடும். கட்டாரில் இருந்து லீவில் வந்த மகளுக்கு ஆக்கிக் கொடுக்க அவன் கூட்டில் இருந்து ஒரேயொரு நண்டை எடுத்துவிட்டான் என்று நான் ஊரைக் கூட்டினேன். வங்கியில் கைவைப்பது வருங்காலச் சந்ததியின் வாயில் கைவைப்பது என்று பேசினேன். பிள்ளையார் கோயில் வளவைக் கூட்டித் துப்புரவாக்க வேண்டும் என்று தீர்ப்பும் சொன்னேன். அவன் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனான். அன்று எனக்குக் கிடைத்த கைதட்டலை நினைத்தால் இப்போது காது கூசுகிறது.

விருந்தாளிகள் வருவதற்கு முன்பு நீ வந்து என்ன சொன்னாய் என்பது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. “மாமா, நீங்க ஒண்டும் பெருசாச் செய்ய வேணாம். கூட்டத்துக்குப் புறகு கூட்டைக் காட்டுவம், நண்டப் பாத்தா அவங்களுக்குக் காணும். தேத்தண்ணியும் வடையும் குடுங்க, அவ்வளவுதான்.” நானும், “ஓம் மகள், நீ பயப்படாத, எல்லாம் நான் பாக்கிறன்” என்றேன். மகளே, நான் பார்த்ததுதான் வினையாகிப் போனது.

வந்தவர்களை நிறைகுடம் வைத்து, வட்டாத் தட்டில் வெற்றிலை கொடுத்து வரவேற்றோம். அதுவரை குறையில்லை, வெள்ளைக்கார ஐயா வெற்றிலையோடு சுண்ணாம்பை முழுதாக வாயில் போட்டுக்கொண்டு கண்கலங்கியதைத் தவிர. ஊர்ப் பெண்கள் அதை அன்பின் கண்ணீர் என்று நினைத்துத் தாங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கொழும்பில் இருந்து வந்த அம்மா மண்டபத்தில் படம் காட்டிப் பேச ஆரம்பித்தார். மொழிபெயர்க்க ஓட்டமாவடித் தம்பி றுமைஸ் பக்கத்தில் நின்றார். பேச்சு நீண்டுகொண்டே போனது. இடையில் நான் எழுந்து வெளியே போனேன். புழுக்கம் தாங்கவில்லை என்று வைத்துக்கொள்.

மண்டபத்துக்கு அடுத்த எங்கள் வீட்டுக் குசினியில் மாமி வடைத் தட்டை வைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கிவைத்திருந்தாள். “கடல் கடந்து வந்த மனிசருக்கு வடையக் குடுத்துத் துரத்துறதா? பகல் சோறு குடுக்காம அனுப்பின ஊர் எண்டு நாளைக்கு ஊராக்கள் பறைவாங்க” என்றாள். நான் என்ன செய்ய? மட்டக்களப்பான் விருந்தாளியை உபசரித்தே பாயோடு ஒட்டவைத்துவிடுவான் என்று மற்ற ஊர்க்காரர் சொல்வார்கள். வடையைக் கொடுத்து ஒருவரையும் பாயில் ஒட்ட முடியாது. கச்சான் காற்று அடித்ததில் தோணி இறங்கவில்லை, கரையில் மீன் என்று ஒரு செதில்கூட இல்லை. மாமி கூட்டுப் பக்கம் பார்த்தாள். “ரெண்டே ரெண்டுதான், கொழம்புக்கு வாசத்துக்கு” என்றாள். நான் தலையை ஆட்டினேன். நான் செய்த குற்றம் அந்தத் தலையாட்டல் ஒன்றுதான் என்று பணிவோடு குறிப்பிடுகிறேன்.

ஆனால் தலைவர் வீட்டுக் குசினியில் இருந்து நண்டு வாசம் கிளம்பினால் ஊர் சும்மா இருக்குமா? பிரஷாந்தியின் தாய் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்ன தலைவர், வங்கி திறந்தாச்சோ?” என்று கேட்டாள். விருந்தாளிக்குத்தான் என்றேன். அந்தச் சொல்தான் தாமதம். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா? ஊருக்கு விருந்தாளி வந்தால் ஒரு வீட்டுச் சோற்றை மட்டும் தின்னவிட்டு மற்ற வீடுகள் கைகட்டி நிற்காது. ஒவ்வொரு வீட்டில் இருந்தும் ஒரு கறி வந்தாக வேண்டும், வராத வீட்டுக்கு அது பெரிய குறை. ஒவ்வொருத்தியும் ‘ரெண்டே ரெண்டு’ என்றுதான் எடுத்திருக்கிறாள். அடுத்தவளும் அதே யோசனையோடு வருகிறாள் என்று எவளும் நினைக்கவில்லை. ஒருத்தி முருங்கையிலை போட்டுக் குழம்பு, ஒருத்தி பொரியல், ஒருத்தி சொதி, ஒருத்தி மிளகுத் தண்ணி. வேலியே பயிரை மேய்ந்தது என்பார்களே, இங்கே வேலி மேய்ந்ததோடு நிற்காமல் பக்கத்து வேலிகளையும் கூப்பிட்டுப் பந்தி வைத்தது.

மற்ற வீட்டு அடுப்புகளில் நடந்தது தெரியாமல் நான் திரும்பி வந்து நன்றியுரைக்கு எழுந்தேன். “எடுப்பதைவிட விடுவது கூட இருந்தால்தான் ஒரு ஊர் நிலைக்கும். எங்கள் ஊரில் ஒரு குழந்தைகூட அந்தக் கூட்டைத் தொடாது” என்றேன். ஜன்னல் வழியாக வாசம் வந்தது. வெள்ளைக்கார ஐயா மூக்கை உயர்த்தி ஏதோ சொன்னார். “வாசம் தூக்குது எண்டு சொல்றார், மாமா” என்று றுமைஸ் மொழிபெயர்த்தார். நான் அதையும் கைதட்டலாக எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் பேசினேன். அந்தப் பேச்சை நீ உன் போனில் வீடியோ எடுத்திருந்தால் தயவுசெய்து அழித்துவிடு.

பகல் சாப்பாட்டை நீயே கண்டாய். வெள்ளைக்கார ஐயா நண்டுக் காலைக் கடிக்கத் தெரியாமல் கல்லை எடுத்து இடித்தார். கொழும்பு அம்மா முதலில் கரண்டியால் ஆரம்பித்தார். பிறகு விரலால், பிறகு முழங்கை வரை குழம்பு வழிய. சினை நண்டின் ருசி அப்படி. “இவ்வளவு ருசியான நண்டு நான் தின்றதே இல்லை” என்று அவர் சொன்னதை றுமைஸ் மொழிபெயர்த்தபோது, பெண்கள் எல்லோரும் பரிசு வாங்கிய மாதிரிச் சிரித்தார்கள். றுமைஸ் மட்டும் நண்டைத் தொடவில்லை. “எங்கட வீட்டில நண்டு திண்டு பழக்கமில்ல மாமா, கத்தரிக்காயும் சோறும் போதும்” என்று சொல்லிவிட்டார். அன்று வந்தவர்களில் பாவம் செய்யாதவர் அவர் ஒருவர்தான். பீங்கான் தட்டுகளில் கிடந்த ஓடுகளின் குவியலைப் பார்க்கும்போது ‘ரெண்டே ரெண்டு’ கணக்குக்கு அது ஒத்துவரவில்லை. ஆனால் சபையில் எழுந்து விருந்தாளியின் பீங்கானைப் பார்த்துக் கேள்வி கேட்க முடியுமா?

பிறகு வாவியோரச் சதுப்புக் கண்ணாக்காட்டு வழியாகக் கூட்டுக்கு நடந்தோம். நீ முன்னால் நின்று ஆங்கிலத்தில் விளங்கப்படுத்திக்கொண்டு வந்தாய். உன் குரலில் இருந்த பெருமை என் காதில் விழுந்தது. அதை இனி எப்போது கேட்கப்போகிறேனோ தெரியாது. ஐயா கமராவைத் தயாராக வைத்துக்கொண்டார். நானே தண்ணீரில் இறங்கிக் கூட்டைத் தூக்கினேன். பாசி இருந்தது. யாரோ போட்ட ஒரு செருப்பு இருந்தது. நண்டு இல்லை. என் மூளையும் அந்த நேரம் கூட்டைப்போலவே காலி. “அதுகள் இப்ப வெளியில போயிருக்குதுகள்” என்று சொல்லிவிட்டேன். றுமைஸ் அதை ஒரு எழுத்தும் விடாமல் மொழிபெயர்த்தார். எப்போது திரும்பி வரும் என்று ஐயா கேட்டார். “பின்னேரம்” என்றேன். கடவுளே, பின்னேரம் என்றேன்! அந்த நேரம் பார்த்து, வழியனுப்ப வெற்றிலை வட்டாவோடு பின்னால் வந்த மாமி, ஐயா எதையோ தேடுகிறாரே என்று இரக்கப்பட்டு, “எங்கயும் தேடாதீங்க ஐயா, எல்லாம் உங்கட வயித்துக்குள்ளதான் இரிக்கி” என்று சொன்னாள். சிரித்த முகத்தோடு, விருந்தோம்பிய பெருமையோடு சொன்னாள். றுமைஸ் என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், பிறகு தொழில் தர்மப்படி அதையும் மொழிபெயர்த்தார்.

ஐயா குனிந்து தன் வயிற்றைப் பார்த்த பார்வை என் கண்ணைவிட்டுப் போகவில்லை. கொழும்பு அம்மா கையைக் கழுவியது போதாது என்பதுபோல மறுபடி கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். அவர் உன்னிடம் ஆங்கிலத்தில் என்ன சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. உன் முகம் எனக்கு விளங்கியது. நீ அழவில்லை, அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன். “போயிட்டு வாறன் மாமா” என்று சொல்லாமல் நீ வான் வண்டி ஏறியது உன் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. வான் போன தூசிக்குள் நான் நின்றுகொண்டிருந்தேன், காற்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது, கையில் அந்தச் செருப்பு இருந்தது. வெட்கத்தில் அதைக் கீழே போடவும் தோன்றவில்லை.

அடுத்த நாளே ஊர் கூடியது. கூட்டியவன் சீனித்தம்பி. அவன் சத்தம் போடவில்லை. “தலைவருக்கு என்ன தண்டன எண்டு தலைவரே சொல்லட்டும்” என்று மட்டும் கேட்டான். கோயில் வளவு என்றேன், வேறு என்ன சொல்ல? இப்போது விடியற்காலையில் விளக்குமாறும் நானுமாக இருக்கிறோம். சீனித்தம்பி தோணிக்குப் போகும் வழியில் மதிலடியில் நின்று, “தலைவர், அந்த மூலையில புளியம் இல கிடக்குது, வடிவாக் கூட்டுங்க” என்று சொல்லிவிட்டுப் போகிறான். நேற்று எனக்குத் தேத்தண்ணீர் வாங்கித் தந்தான். திட்டியிருந்தால் அதைச் சீரணித்திருப்பேன், அந்தத் தேத்தண்ணீர்தான் தொண்டையில் நிற்கிறது.

சங்கத் தலைவர் பதவியை விட்டுவிட்டேன். பிரஷாந்தி பொறுப்பெடுத்திருக்கிறாள். கூட்டுக்கு மூடி போட்டுப் பூட்டு வைத்தாயிற்று, சாவி சீனித்தம்பியின் அரைநாண் கயிற்றில். இனி எந்தப் பெரிய மனிதர் வந்தாலும் வெறும் தேத்தண்ணீர்தான், வடைகூட இல்லை என்று ஊர் முழுக்கச் சத்தியம் செய்திருக்கிறோம். நானும் பிள்ளையார் முன்னால் கற்பூரம் கொளுத்தி, உயிருள்ளவரை அந்தக் கூட்டின் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். உனக்கு ஒன்று சொல்லவேண்டும்: யாரும் கேட்காமலே ஆட்கள் மறுபடி சினை நண்டைக் கொண்டுவந்து கூட்டில் விடுகிறார்கள். பெரிய காரணம் ஒன்றுமில்லை. “அந்தப் புள்ள நமக்காகத்தானே மினக்கெட்டது” என்று பிரஷாந்தியின் தாய் சொன்னாள், அவ்வளவுதான்.

ஆகவே நீ அறிக்கையில் உண்மையை எழுது. எங்களைக் காப்பாற்றுவதற்காகக் காற்றுக்குக் கூடு உடைந்தது, நண்டு தப்பியோடியது என்று ஒன்றும் எழுதாதே. நான் மண்டபத்தில் சொன்ன பொய்களே இந்த ஊருக்குப் போதும். திட்டம் பிழையில்லை, பெண்கள் பிழையில்லை, திட்டத்தைக் கொண்டுவந்த பிள்ளை பிழையில்லை. விருந்தாளியைக் கண்டால் புத்தி பேதலிக்கும் கிழட்டுத் தலைவர் ஒருவர் இருந்தார், இப்போது அவர் கோயில் கூட்டுகிறார் என்று பெயர் போட்டே எழுது. கந்தையா பூபாலபிள்ளை என்று முழுப் பெயரையும் போடு. வேறு யாராவது பூபாலபிள்ளை பழிக்கு ஆளாகக்கூடாது.

நேரத்துக்குச் சாப்பிடு. அக்காவுக்கு, அதாவது உன் அம்மாவுக்கு, என் முகத்தைக் காட்ட இன்னும் தைரியம் வரவில்லை என்று சொல். மாமாங்கேஸ்வரர் உனக்கு நீண்ட ஆயுளையும், நிரந்தர வேலையையும், என்னைவிடப் புத்தியுள்ள உறவுகளையும் தந்தருளட்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்த நிலையில் எழுதும் மாமா,
க. பூபாலபிள்ளை
(முன்னாள் தலைவர்)

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்பு மாமி வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன். “என்ட தலையில ஏன் போட்டீங்க? நான் எப்ப நண்டு கேட்டன்?” என்று கேட்டாள். அவள் சொல்வது சரி. மாமி நண்டு கேட்கவில்லை, சோற்றைப் பற்றியும் பேசவில்லை. அவள் வடைதான் சுட்டுக்கொண்டிருந்தாள். புழுக்கமும் காரணமில்லை, பாயோடு ஒட்டவைக்கும் பெருமையும் காரணமில்லை. மகளே, மண்டபத்தில் எல்லோரும் உட்காரக் கதிரை அடுக்கியவன் நான். கொழும்பு அம்மாவுக்கு ஒன்று, வெள்ளைக்கார ஐயாவுக்கு ஒன்று, றுமைஸுக்கு ஒன்று, வான் சாரதிக்குக்கூட ஒன்று, எனக்கு வெள்ளைத் துணி விரித்து ஒன்று. உனக்கு வைக்கவில்லை. வேண்டாம் என்று நினைத்து விடவில்லை, நினைவே வரவில்லை. நீ நம் பிள்ளைதானே. கூட்டம் பாதி போன பிறகுதான் கண்டேன். நீ சுவரோடு நின்று, படம் காட்டும் பெட்டியின் வயர் கழன்றுவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தாய். அந்த அம்மா உன்னைத் திரும்பிப் பார்க்காமலே தண்ணீர்ப் போத்தலை நீட்டினார், நீ மற்றக் கையால் வாங்கிப் பிடித்தாய். இத்தனை பேரையும் இந்த ஊருக்குக் கொண்டுவந்தவள் நீ. என் கதிரையைத் தந்திருக்கலாம். எழும்பினேன், தலைவர் கதிரை என்று ஒரு கணம் நினைத்தேன், தரவில்லை. வெட்கம் தாங்காமல் நேரே குசினிக்குப் போய், “தனுஷியாவுக்கு ரெண்டு நண்டு எடுத்து ஆக்கு, புள்ளைக்கு விருப்பம்” என்று சொன்னேன். முதல் இரண்டும் உனக்குத்தான். மற்ற வீடுகளுக்குத்தான் விருந்தாளிக்கு என்று சொன்னேன். பிறகு பந்தியில் பார்த்தால் நீ எல்லோருக்கும் பரிமாறிக்கொண்டிருந்தாய். நின்ற நிலையிலேயே கூட்டைக் காட்டப் புறப்பட்டாய். உன் பங்கு மூடி வைத்தபடி இரவு வரை இருந்தது. ஒருவருக்கும் அதைத் தொட மனம் வரவில்லை. இனி நீ வரும் நாளில் உனக்குத்தான் முதல் கதிரை, நீ இருந்த பிறகுதான் மற்றக் கதிரைகள் வெளியே வரும். மேலே சொன்ன கற்பூரச் சத்தியத்தை மட்டும் அறிக்கையில் எழுதிவிடாதே. இன்னொரு நாள் நீ அப்படி நிற்பதைக் கண்டால் நான் அந்தப் பூட்டை என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.